படையலில் வைத்த கிளாஸ்

1

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துக் குசினியில் போன கிழமை ஒருத்திக்குப் பிறந்தநாள். அவள் கொண்டுவந்த சொக்லேட் பெட்டி கைமாறிக் கைமாறி, பாத்திரம் கழுவும் கார்லிடம் போனது. கார்ல் ஒன்றை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, "உள்ளே மது இருக்கிறதா?" என்று கேட்டார். இருக்கிறது என்றார்கள். "நான் குடிகாரன், எனக்கு வேண்டாம்" என்று சொல்லி, சொக்லேட்டைப் பெட்டியில் திருப்பி வைத்தார். அந்த மனிதர் ஒரு சொட்டுத் தொட்டுப் பல வருடங்களாகிவிட்டன. ஆனாலும் தன்னை அப்படித்தான் சொல்லுவார். ஒருவரும் திடுக்கிடவில்லை, முகம் சுளிக்கவில்லை. பக்கத்தில் நின்ற பெண் தலையை ஆட்டிவிட்டுப் பெட்டியை வாங்கி அடுத்தவரிடம் நீட்டினாள்.

நான் குளிர் அறைக்குள் போய் வெண்ணெய் தேடுகிற மாதிரிக் கொஞ்ச நேரம் நின்றேன். ஜெர்மனிக்கு வந்து இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் ஆகிறது. அழுவதற்கு அந்த அறையைவிட வசதியான இடம் எனக்கு இங்கே இன்னும் கிடைக்கவில்லை.

எங்கள் ஆட்கள் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. குடியை விட்டவனும் கலியாண வீட்டில் கிளாஸை நீட்டினால் "வயித்துக்குச் சரியில்லை" என்பான், "மருந்து எடுக்கிறன்" என்பான், கந்தசட்டி முடிந்து மாதக்கணக்கானாலும் "விரதம்" என்பான். விடாதவனோ "சும்மா ஒரு சந்தோசத்துக்கு" என்பான். குடித்தேன், நான்தான் குடித்தேன் என்று ஒரு தமிழன் நாலு பேர் முன்னால் சொன்னதை என் வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் கேட்டிருக்கிறேன். சொன்னவன் என் தம்பி தயாளன். திருகோணமலை லிங்கநகரில், எங்கள் வீட்டில், அப்பாவின் முதலாவது ஆண்டுத்திவசத்துக்கு மறுநாள் சொன்னான்.

ஊரில் இருக்கும் உங்களில் சிலருக்கு இந்தக் கதை வேறு மாதிரித் தெரிந்திருக்கும். அங்கே அது நல்ல செழிப்பாக ஓடித்திரிகிறது என்று அறிகிறேன். நான் பக்கத்தில் நின்று பார்த்ததை எழுதுகிறேன். நம்புவதும் விடுவதும் உங்கள் பாடு.

2

அப்பா துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்தவர். வேலை முடிந்து வருவார், கிணற்றடியில் குளிப்பார், திருநீறு பூசுவார், பிறகு ஒரு கிளாஸ் சாராயம். அவ்வளவுதான். அந்தக் கிளாஸுக்கு மேல் அவர் ஊற்றியதை நான் பார்த்ததில்லை. அதனால் அவரை ஊரில் குடிகாரர் என்று யாரும் சொன்னதில்லை. அளவோடு எடுக்கிற மனுசன் என்று மரியாதையாகத்தான் சொல்லுவார்கள்.

தயா அப்படி இல்லை. போட் எஞ்சின் திருத்துவதில் கெட்டிக்காரன். சல்லியில் இருந்தும் நிலாவெளியில் இருந்தும் கிண்ணியாவில் இருந்தும் எஞ்சினைத் தூக்கிக்கொண்டு அவனைத் தேடி வருவார்கள். ஆனால் கையில் வேலை இருக்கிற நாளில் ஆள் இருக்கமாட்டான். கடற்கரையில் எங்கேயாவது விழுந்து கிடப்பான். கலியாணம் கட்டி ஒரு மகள் பிறந்து, அந்த மகள் பள்ளிக்கூடம் முடிக்கும் வரைக்கும் இதுதான் கதை.

அவனுக்குக் காரணம் தேடிக் கொடுப்பதில் நாங்கள் ஒரு குடும்பமாகப் பாடுபட்டோம். அம்மா உயிரோடு இருந்த காலத்தில் அது கண்ணூறு. எங்கள் வீட்டிலேயே இருந்த அப்பாவின் தங்கை கமலா மாமிக்கு அது பெண் வீட்டார் செய்வித்த செய்வினை. அவன் மனைவி சாந்திக்கு அது சேர்ந்த கூட்டாளிமார். எனக்கு அது சண்டைக் காலமும் கடல் பொங்கியதும். ஜெர்மனியில் இருந்து தொலைபேசியில் "பாவம், அவன் பார்த்ததுகளுக்கு வேற யாரும் எண்டால் விசர் பிடிச்சிருக்கும்" என்று சொல்லிக்கொண்டு நான் அப்பளம் பொரித்திருக்கிறேன். அவன் பார்த்ததை எல்லாம் பார்த்த எத்தனையோ பேர் அதே லிங்கநகரில் பச்சைத் தண்ணீர் குடித்துக்கொண்டு இருந்தார்கள். அது எனக்குத் தெரியாததல்ல.

அப்பாவின் செத்தவீட்டில் கொள்ளிக்குடம் தூக்க மகனைத் தேடினால் ஆள் இல்லை. வீட்டுக்குப் பின்பக்கம், வாழைக்குக் கீழே, சாரம் அவிழ்ந்தது தெரியாமல் கிடந்தான். பெரியப்பாவின் மகன் கொள்ளி வைத்தான். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றவள் தயாவின் மகள் பவித்ரா. அவள்தான் ஓடிப்போய்த் தகப்பனின் சாரத்தைச் சரி செய்துவிட்டு வந்தவள். அடுத்த நாளே சாந்தி மகளைக் கூட்டிக்கொண்டு வெருகலில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள்.

காடாத்து முடிந்த கையோடு தயா தானாகவே பஸ் ஏறிப்போய், மட்டக்களப்புப் பக்கம் குடியை விடுவதற்கென்று இருந்த ஒரு நிலையத்தில் சேர்ந்தான். ஒருவரும் அவனைப் போகச் சொல்லவில்லை. அதை இப்போதும் எனக்குள் சொல்லிக்கொள்வேன்.

அந்த நிலையத்தில் ஒரு வழக்கம் இருந்ததாம். காலையில் ஒவ்வொருவராக எழும்பி, குடியால் தாங்கள் செய்ததைச் சொல்ல வேண்டும். "நான்" என்று தொடங்க வேண்டும். செய்ததை மட்டும் சொல்ல வேண்டும். "அவள் அப்பிடிச் சொன்னதால", "அந்த நேரம் சண்டை நடந்ததால" என்று யாராவது இழுத்தால் மேசையில் இருக்கிற சைக்கிள் மணியை அடிப்பார்களாம். திரும்ப முதலில் இருந்து சொல்ல வேண்டும். தயா முதல் கிழமை முழுக்க ஒரு வசனத்தைக்கூட மணி அடிக்காமல் முடிக்கவில்லையாம். இதைச் சொல்லிச் சிரிப்பான். வீட்டுக்கு வந்த பிறகும், மாமி "என்ர பிள்ளையைக் கெடுத்தது அந்தச் சேர்க்கைதான்" என்று தொடங்கினால், சமைத்துக்கொண்டிருக்கும் அவளின் காதுக்குப் பக்கத்தில் போய் "டிங்" என்பான். மாமி அகப்பையால் அடிக்க வருவாள். அந்தச் சில மாதங்கள் அவனோடு தொலைபேசியில் கதைப்பது எனக்கு அவ்வளவு சந்தோசமாக இருந்தது.

சாந்தியிடம் இருந்து ஒரு வருடம் வாங்கிக் கொடுத்தது பவிதான். ஒரு வருடம் ஒரு சொட்டும் தொடாமல் இருந்தால் தாயும் மகளும் லிங்கநகருக்குத் திரும்பி வருவது என்று பேச்சு. அந்த வருடம் அப்பாவின் திவசத்தோடு முடிந்தது.

3

விடுமுறை கேட்கப் போனேன். எங்கள் மேற்பார்வையாளர், நல்ல பெண்தான், "உங்கள் அப்பா போன வருடமல்லவா இறந்தார்? அதற்கு விடுமுறை தந்துவிட்டோமே" என்றார். எங்களுக்கு ஒவ்வொரு வருடமும் அந்த நாள் வரும் என்று விளக்க வெளிக்கிட்டு, அவசரத்தில் என் ஜெர்மன் மொழி குழம்பி, "என் அப்பா ஒவ்வொரு வருடமும் இறப்பார்" என்று சொல்லிவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பிறந்த ஊருக்குப் போக இணையத்தில் விசா எடுத்தேன். பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில் தகப்பனுக்குச் சோறு படைப்பது என்று ஒன்று இல்லாததால் உல்லாசப் பயணி என்று போட்டேன். மகன் நிரோஜனையும் கூப்பிட்டேன். அவனுக்குப் பல்கலைக்கழகத்தில் பரீட்சை. "தாத்தாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்" என்றான், தாத்தா அங்கே கதிரையில் இருப்பதுபோல.

தயா பஸ் நிலையத்துக்கு வந்திருந்தான். சேவ் எடுத்து, சேர்ட்டை இஸ்திரி போட்டு, நகத்துக்குள் எஞ்சின் எண்ணெய் இல்லாமல் நின்றான். என் பெட்டியை வாங்கிக்கொண்டு ஓட்டோவில் ஏறியதும் முதல் சொன்னது, "அக்கா, நாளைக்குப் பவி வாறாள்."

"சாந்தி?"

"முதல் அவள் வந்து பாக்கட்டாம். பிறகு தான் வாறன் எண்டு சொன்னவள்."

பவி பெரிய பையோடு வந்தாள். ஒரு இரவு தங்க வருகிறவள் கொண்டுவருகிற பை அல்ல அது. தயா அதை வாங்கும்போது கனத்தைத் தெரிந்துகொண்டான். உள்ளே கொண்டுபோய், அவளுக்கென்று வெள்ளை அடித்துவைத்திருந்த அறையில் அலுமாரிக்குப் பக்கத்தில் வைத்தான். அலுமாரிக் கதவையும் திறந்துவிட்டான்.

திவசத்தன்று ஐயர் வந்தார். செத்தவீட்டில் செய்யாமல் விட்ட அத்தனையையும் சேர்த்துச் செய்கிறவன் போல, தயா தர்ப்பையைப் போட்டுக்கொண்டு முதுகை நிமிர்த்தி இருந்து சொன்னதெல்லாம் செய்தான். சைவச் சாப்பாடு. ஐயர் போன பிறகு பவி தகப்பனுக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிட்டாள். அந்த ஒரு நாள் எங்கள் வீட்டில் எல்லாம் சரியாக இருந்தது.

4

எங்கள் குடும்பத்தில் திவசத்துக்கு மறுநாள் மத்தியானம் மச்சப் படையல் வைப்பது வழக்கம். செத்தவர் ஆசைப்பட்டுச் சாப்பிட்ட எல்லாவற்றையும் சமைத்து, ஓர் அறையில் படத்துக்கு முன்னால் வாழையிலையில் வைக்க வேண்டும். மகன் எல்லாம் சரிபார்த்து, கற்பூரம் கொளுத்தி, கடைசி ஆளாக வெளியே வந்து கதவைச் சாத்துவான். செத்தவர் வந்து சாப்பிடுகிற நேரம் அது. வீட்டுக்காரர் விறாந்தையில் சத்தம் போடாமல் இருப்பார்கள். பிறகு வயதில் மூத்தவர் கதவில் தட்டி, செருமிக்கொண்டு, திறப்பார்.

அப்பா ஆசைப்பட்டது நண்டு, பாரைமீன் பொரியல், முருங்கையிலை வறை, சுருட்டு. பிறகு அந்த ஒரு கிளாஸ்.

"மாமி, அது வேண்டாம்" என்றேன் நான் குசினியில் வைத்து. "தயா நிப்பாட்டி இருக்கிறான்."

"நல்ல கதை கதைக்கிறாய் பிள்ளை. உயிரோட இருக்கேக்க ஒரு நாள் விடாமல் எடுத்த மனுசன். ஒரு வருசமா ஏங்கிப்போய் வருவார். வெறுங்கிளாஸைக் காட்டி அனுப்புறதோ?"

"ஏன், தேத்தண்ணி வைக்க ஏலாதோ?"

"அண்ணை தேத்தண்ணி குடிக்கத் துறைமுகத்தில இருந்து இவ்வளவு தூரம் நடந்து வந்தவரோ?" என்றாள் மாமி. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

வாசலில் நின்ற தயா கேட்டுக்கொண்டிருந்தான். "வையுங்கோ மாமி. அது அப்பாவின்ர. எனக்கு ஒண்டும் செய்யாது" என்றான். சாராயத்தை வாங்கிவந்தது பெரியப்பாவின் மகன். கிளாஸில் ஊற்றியது மாமி. ஊற்றிய கையோடு போத்தலை எடுத்துக்கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் வைத்தாள். அந்த அளவுக்கு அவளும் யோசித்திருந்தாள். நாங்கள் எல்லோரும் வெளியே வந்தோம். தயா எங்களுக்கு முதுகைக் காட்டிக் கற்பூரம் கொளுத்துவது தெரிந்தது. பிறகு அவனும் வந்து கதவைச் சாத்திவிட்டு, சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தூணடியில் ஒதுங்கி நின்றான். புகைக்குள் நின்றவன் துடைக்கிறான் என்றுதான் நினைத்தேன்.

விறாந்தையில் பவி தலையைக் குனிந்து நகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் ஊதிக் கேட்டது. மாமி எழும்பிப்போய்த் தட்டினாள், செருமினாள், கதவைத் திறந்தாள்.

"அண்ணை!"

அவள் போட்ட சத்தத்தில் அயல் வீட்டுச் சனமும் ஓடி வந்தது. இலையில் வைத்தது வைத்தபடி இருந்தது. கிளாஸ் வெறுமையாக இருந்தது.

"வந்திட்டியள் அண்ணை! எங்களைத் தேடி வந்திட்டியள்! பாருங்கோடி, ஒரு சொட்டு மிச்சமில்லை! நண்டைக்கூடத் தொடாமல் அதை எடுத்திருக்கிறார், அவ்வளவு ஆசை!" மாமி நிலத்தில் விழுந்து கும்பிட்டாள். பெரியப்பாவின் மகன் கையெடுத்துக் கும்பிட்டான். நானும் அழுதேன். இங்கே பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் நிமிடம் பார்த்து ஓடுகிற, எதற்கும் ரசீது கேட்கிற நான், அப்பா வந்துவிட்டுப் போனார் என்று உண்மையாகவே நம்பி, வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். பவி தகப்பனிடம் போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "தாத்தா உங்களில கோவமில்லை அப்பா. நீங்கள் வைச்சதை எடுத்திட்டார்" என்றாள்.

தயா அந்தக் கையைப் பார்த்தான். பிறகு மெல்ல விலக்கினான்.

"மாமி, எழும்புங்கோ. அழாதேங்கோ. அப்பா வரேல்லை. நான் குடிச்சனான்."

மாமி கும்பிட்டபடியே கிடந்தாள். அவன் திரும்பவும் சொன்னான், கொஞ்சம் உரக்க. "கற்பூரம் கொளுத்தினனான். கிளாஸைக் கண்டனான். எடுத்துக் குடிச்சனான். நான்தான்."

"வாயை மூடு விசரா!" என்றாள் மாமி. "செத்த மனுசன் வந்த இடத்தில என்ன கதை இது?"

"மாமி, என்ர வாயை மணந்து பாருங்கோ."

அவன் மாமியின் முகத்துக்கு நேரே குனிந்தான். மாமி மணந்தாள். அவள் முகத்தில் இருந்த பக்தி ஒரு சொட்டும் குறையவில்லை. "ஓம், மணக்குது" என்றாள். "அவனில வந்துதான் அண்ணை குடிச்சிருக்கிறார். பெத்த மகனில வராமல் வேற ஆரில வாறது? தான் குடிச்சதெண்டு இவனுக்கு எப்பிடித் தெரியும்?"

பெரியப்பாவின் மகன் தலையாட்டினான். அயலவர்கள் தலையாட்டினார்கள். அதற்குள் ஒரு கிழவர் அவன் கண்ணைப் பார்த்தாலே தெரிகிறது, தகப்பனின் பார்வை என்றார். தயா நடுவில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். அவன் கடைசியாக என்னைப் பார்த்தான். நான் அவன் கையைப் பிடித்துக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனேன்.

"ஏன்டா சொன்னனீ? ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது. பவி பெரிய பையோட வந்து நிக்கிறாள். நாளையில இருந்து திரும்பக் குடியாமல் இருந்திருக்கலாம்தானே?"

"அவளுக்குத்தான் அக்கா சொன்னனான்."

"ஏன் குடிச்சனீ?"

"காரணம் கேக்காதேங்கோ" என்றான். "தேடினால் நிறையக் கிடைக்கும். கிளாஸ் இருந்தது. நான் இருந்தனான். குடிச்சனான். இவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சது."

5

பவி அலுமாரியில் அடுக்கியதை எல்லாம் திரும்பப் பையில் அடுக்கினாள். மாமி அறை வாசலில் நின்று, "நீயும் படிச்ச பிள்ளை, பெரியாக்கள் சொல்லுறதை நம்பு. கொப்பா குடிக்கேல்லை" என்று கெஞ்சினாள். பவி அவளைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள்.

நாங்கள் மூவரும் ஓட்டோவில் பஸ் நிலையத்துக்குப் போனோம். பையைத் தயாதான் மடியில் வைத்திருந்தான். பஸ் வரும் வரைக்கும் அவன் ஒன்றும் கேட்கவில்லை. நான்தான் கேட்டேன், எனக்கு வெட்கமில்லை. "பவி, கொம்மாவிட்ட இதைச் சொல்லாமல் விட ஏலாதோ?"

அவள் தகப்பனைப் பார்த்துச் சொன்னாள். "நீங்கள் பொய் சொல்லியிருந்தால் நான் இருந்திருப்பன் அப்பா. எனக்கு ஒண்டும் தெரிஞ்சிருக்காது. இப்ப எனக்குத் தெரியும். அம்மா கேட்டால் நான் என்னெண்டு பொய் சொல்லுறது?"

"சொல்லாதே" என்றான் தயா. "உள்ளதைச் சொல்லு."

"திரும்பத் தொடங்குங்கோ அப்பா."

"ஓம்."

"அம்மா இன்னொரு வருசம் தருவாவோ தெரியாது."

"ஓம், தெரியும்."

பஸ் வந்தது. பையைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு இறங்கி, பஸ் திரும்பும் வரைக்கும் நின்றான். திரும்பி வரும்போது அவன் சொன்னது எனக்கு இன்றும் விளங்கவில்லை. "நல்ல பிள்ளை அக்கா, நான் சொன்னதை நம்பினது அவள் மட்டும்தான்" என்றான். பெருமையாகச் சொன்னானா, வயிறெரிந்து சொன்னானா தெரியாது. நம்பியதால்தான் அவள் போனாள். நம்பாத நாங்கள் எல்லோரும் அவனோடு இருந்தோம்.

நான் நின்ற மிச்ச நாட்களில் அவன் குடிக்கவில்லை. ஆனால் வீடு மாறிவிட்டது. கண்டவர் நின்றவர் எல்லாம் படியேறி வந்தார்கள். ஒருத்தி பிள்ளைக்கு வரன் பொருந்துமா என்று அவனிடம் கேட்க வந்தாள். அவன் "நான் ஒரு குடிகாரன் அம்மா, என்னட்டக் கேட்டு என்ன செய்யப்போறியள்" என்றான். அவள் அதற்கும் கும்பிட்டாள். எஞ்சின் கொண்டுவந்த மீனவன் ஒருவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். தயா கோபத்தில் கத்தினான். "அண்ணைக்கும் இப்பிடித்தான் கோவம் வரும்" என்றாள் மாமி.

நிலையத்துக்குத் திரும்பப் போகச் சொன்னேன். போவேன் என்றான். நான் விமானம் ஏறிய பிறகு மாமி அவனைப் போக விடவில்லை. வருத்தம் நோய் என்றால்தானே வைத்தியம், தகப்பன் வந்து போகிற உடம்புக்கு என்ன வைத்தியம் என்று கேட்டாளாம். அவன் போகாமல் விட்டதற்கு மாமி காரணமா? மணி அடிக்கிற கேள்வி. போகாதவன் அவன்தான். அவனும் அப்படித்தான் சொல்லியிருப்பான்.

அடுத்த அமாவாசைக்கு மாமி படத்துக்கு முன்னால் ஒரு கிளாஸ் வைத்தாள். அதற்கு அடுத்த அமாவாசைக்குப் படத்துக்கு முன்னால் வைக்காமல் நேரே அவனுக்கு முன்னால் வைத்தாள்.

6

நிரோஜனுக்கு இதை எல்லாம் ஒரு சனிக்கிழமை சொன்னேன். அவன் நான் தமிழில் சொல்வதற்கு ஜெர்மன் மொழியில் பதில் சொல்லுவான். இது எங்கள் வீட்டு வழக்கமாகிப் பல வருடம். கவனமாகக் கேட்டான், நல்ல பிள்ளை. பிறகு, அது ஒரு நோய் அம்மா, மூளையில் நடக்கிற விசயம், மாமா தன்னைக் குற்றம் சொல்லத் தேவையில்லை, அவர் குடித்தார் என்றே சொல்லக்கூடாது, நோய் திரும்பியது என்றுதான் சொல்ல வேண்டும் என்றான். அவன் சொன்னதில் பிழை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. படித்தவன் சொல்கிறான். ஆனால் கேட்கக் கேட்க எனக்கு மாமியின் குரல்தான் கேட்டது. அங்கே அப்பா குடித்தார். இங்கே நோய் குடித்தது. என் தம்பி நாலு பேர் முன்னால் நின்று, மகளைப் பறிகொடுத்து, என்னுடையது என்று கையில் எடுத்த ஒன்றே ஒன்றை ஆளாளுக்கு அன்பாக வாங்கிக்கொண்டு போகிறார்கள். நான் மகனோடு சண்டை பிடித்தேன். அவனுக்கு ஏன் என்று விளங்கவில்லை, அறைக்குள் போய்விட்டான். அதற்குப் பிறகு அவன் மாமாவைப் பற்றிக் கேட்பதில்லை.

சொக்லேட் சம்பவத்துக்கு அடுத்த நாள் கார்லிடம் சொன்னேன். என் ஜெர்மன் மொழிக்கு எட்டிய வரைக்கும் படையலையும் கதவையும் கிளாஸையும் விளக்கினேன். அவர் தட்டுகளை அடுக்கிக்கொண்டே கேட்டார். அவருக்கு ஆவி வந்ததெல்லாம் பொருட்டாகவே இல்லை. ஒன்றைத்தான் கேட்டார்.

"அவர் சொன்னபோது யாராவது தலையாட்டினார்களா?"

"எதற்கு?"

"நீ சொன்னது கேட்டது என்பதற்கு. நாங்கள் கூடுகிற இடத்தில் அதைத்தான் செய்வோம். ஒருவன் சொல்லுவான், மற்றவர்கள் தலையாட்டுவோம். வேறொன்றும் செய்ய முடியாது."

நான் யோசித்துப் பார்த்தேன். அன்றைக்கு எல்லோரும் தலையாட்டினார்கள், மாமி சொன்னதற்கு. தயா சொன்னதற்கு ஒருவரும் ஆட்டவில்லை. அவன் என்னைப் பார்த்தான். நான் அவனைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனேன். ஒரு வருடமாக எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்திருக்கிறேன், இதை எண்ணிப் பார்க்கவில்லை.

7

இந்த வருடத் திவசம் வருகிறது. நான் போகவில்லை. விடுமுறை கிடைக்கும், கேட்கத்தான் மனமில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில், அங்கே மத்தியானச் சாப்பாட்டு நேரம், தயாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவன் இப்போது எஞ்சின் திருத்துவதில்லை. கை நடுங்குகிறது. கண்ணில் மஞ்சள் தெரிகிறது என்று போன மாதம் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மாமி அதை என்னிடம் சொல்லும்போது, அப்பாவுக்கும் கடைசிக் காலத்தில் அப்படித்தான் இருந்தது என்றாள். அப்பாவுக்கு இருந்தது நீரிழிவு.

பவி தகப்பனோடு கதைப்பதில்லை. வெருகலில் ஒரு பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். என்னோடு இடைக்கிடை கதைப்பாள். என்னிடம் தகப்பன் எப்படி என்று கேட்பாள், குடிக்கிறாரா என்று கேட்கமாட்டாள்.

தொலைபேசியில் தயாவின் குரல் தெளிவாகத்தான் இருந்தது. மழையைப் பற்றிக் கதைத்தோம். நிரோஜனைக் கேட்டான். பிறகு நான் மனதுக்குள் கட்டிவைத்திருந்ததைச் சொன்னேன். நேரே சொன்னேன், சுற்றி வளைக்கவில்லை.

"தயா, உனக்கு ஒண்டு சொல்லவேணும். அண்டைக்கு அந்தக் கிளாஸைக் குடிச்சது நீ. நீ சொன்னனீ, நான் கேட்டனான். எனக்குத் தெரியும் அது நீதான் எண்டு. நீ சொன்னது பெரிய விசயம். அண்டைக்கே நான் அதை உனக்குச் சொல்லியிருக்கவேணும்."

மறுபக்கத்தில் குசினியில் பாத்திரம் அடுக்கும் சத்தம்தான் கேட்டது.

"தயா?"

"இல்லை அக்கா" என்றான். கோபமில்லாமல், எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரிச் சொன்னான். "நானும் யோசிச்சுப் பாத்தனான். மாமி சொல்லுறதுதான் சரி. நான் என்னெண்டு குடிச்சிருப்பன்? பவி வந்து நிக்கிறாள், பை உள்ளுக்கை இருக்கு. அந்த நேரத்தில ஒரு தகப்பன் குடிப்பானோ? அது அப்பாதான் அக்கா."

"டேய், நீ மணந்து பாக்கச் சொன்னனீ…"

"அது அப்பாதான்" என்றான் திரும்பவும். "நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ."

அங்கே குசினிப் பக்கத்தில் இருந்து மாமியின் குரல் கேட்டது. பிள்ளையை அழைக்கிற குரல் அல்ல, மரியாதையான குரல்.

"அண்ணை, சோறு ஆறுது. வாங்கோ."

"ஓம், வாறன்" என்றான் என் தம்பி. தொலைபேசியை வைத்துவிட்டான்.